12 எழுத்து மொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பப்புவா நியூ கினியில் உள்ள ரொடோகாஸ் மொழிக்கு 12 எழுத்துகள்தான் என்று படித்தேன். நமக்கோ 247. இவ்வளவு ஏழை மொழி பிழைக்குமா? நல்ல எழுத்துமுறை ஒன்றைச் செய்துகொடுத்தால் காப்பாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். 247 என்பது உயிர்மெய்யையும் சேர்த்து எண்ணியது. ரொடோகாஸ்காரர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில். அதையும் நம் முறையில் எண்ணிப் பாருங்கள். உயிர் ஐந்து. நெடிலுக்கு அதே எழுத்தை இரண்டு முறை எழுதுவார்கள், ஆக பத்து. மெய் ஆறு, உயிர்மெய் அறுபது. அசை எல்லாமே உயிரில் முடிவதால் தனி மெய் தேவையே இல்லை. மொத்தம் 70.

ஐந்தும் ஆறும் பதினொன்றுதானே, 12 எப்படி? 'த' ஒலி 'இ'க்கு முன்னால் 'ஸ' ஆகிவிடும். அதற்கும் ஒரு தனி எழுத்து கொடுத்துவிட்டார்கள். 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலித்தாலும் நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோமே, அதுபோல விட்டிருந்தால் 11 போதும். வேடிக்கை, ரொடோகாஸ் என்ற பெயரே இந்த விதிகளுக்கு அடங்கவில்லை. 'இ' வராத இடத்தில் 'ஸ்', அதுவும் சொல்லின் கடைசியில்!

ஏழை மொழியா? 'அவுக்கவ' என்றால் கிழவி. 'கிழவியின் கண்கள் மூடியிருக்கின்றன' என்று அவர்கள் சொல்லும்போது கண்கள் இருமையில், அதாவது இரண்டு என்று காட்டும் வடிவத்தில் வரும், ஆண்பாலில் வரும், வினைமுற்றும் அதற்கு இசைந்து மாறும். ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று தமிழில் கிடையாது. எழுத்து குறைந்தால் சொல் நீளும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், காப்பாற்றாது. ரொடோகாஸ் பேசுவோர் சுமார் நாலாயிரம் பேர், போகன்வில் தீவின் மலைப்பகுதியில். அங்கே 1980இல் தாய்மொழியில் தொடங்கும் கிராமப் பள்ளிகள் வந்தன. 1988இல் உள்நாட்டுப் போரும் வந்து பத்து வருடம் நீடித்தது. எழுத்தில் பதிந்தும் தேயும் மொழிக்கு உதாரணம் வேண்டுமா? அதே நாட்டில் செபிக் ஆற்றுப் பக்கம் கபுன் என்றொரு கிராமம். அதன் மொழி தயாப். டான் குலிக் என்ற மானிடவியலாளர் 1980களிலிருந்து அங்கே போய்வந்து எழுதியிருக்கிறார். தயாப்புக்கு இலக்கணம் இருக்கிறது, அகராதி இருக்கிறது. பேசுவோர்தான் ஐம்பதுக்கும் குறைவு. யாரும் தடை போடவில்லை. பெற்றோர் பிள்ளைகளிடம் நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அதிலேயே பதில் சொன்னார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நமக்கு மெல்லினம், அதாவது மூக்கொலி, ஆறு. ரொடோகாஸின் மையக் கிளைமொழிக்கு மொத்த மெய்யே ஆறு, அதில் மெல்லினம் ஒன்றுகூட இல்லை. அந்த மொழியை ஆராய்ந்த ஃபிர்ச்சோ தம்பதி ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் தங்கள் மொழியைப் பேசும் லட்சணத்தைக் கிண்டல் செய்யும்போது மட்டும் ரொடோகாஸ்காரர்கள் மூக்கொலியைச் சேர்த்துக்கொள்வார்களாம், அந்த வெளியூர்க்காரர் மூக்கால் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.