ஆர்டர் குறைந்ததை ஆட்களிடம் சொல்லலாமா?

கேள்வி: திருப்பூரில் எழுபது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியதும், எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் பாதி ஆர்டரை நிறுத்திவிட்டார். ஆட்கள் பயந்துவிடுவார்களே என்று எதுவும் சொல்லவில்லை. இப்போது பன்னிரண்டு டெய்லர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். மற்றவர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்: நீங்கள் சொல்லவில்லை, சரி. ஆனால் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சாயப் பட்டறையிலிருந்து துணி வரத்து குறைந்த அன்றே கட்டிங் மாஸ்டருக்குப் புரிந்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடிய லைன் ஒரு ஷிப்டாகச் சுருங்கினால், சனிக்கிழமை சம்பளக் கவரை எண்ணும்போது டெய்லருக்கும் தெரிந்துவிடும். அதற்குமேல் உங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வராததால், "கம்பெனியையே விற்கப் போறாங்களாம்" என்பதுவரை டீக்கடையில் பேச்சு போயிருக்கும்.

என் அப்பா வேலை பார்த்த மில்லில் கடைசி நாள்வரை "ஒன்றும் இல்லை, வேலையைப் பாருங்கள்" என்றார்கள். மறுநாள் காலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இந்தச் சனிக்கிழமை, சம்பளம் கொடுப்பதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு நீங்களே பேசுங்கள். மேனேஜரை அனுப்பாதீர்கள். கையில் எத்தனை ஆர்டர் இருக்கிறது, அது எந்தத் தேதிவரை ஓடும், பையரிடம் என்ன பேச்சு நடக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். "யாரையும் அனுப்ப மாட்டேன்" என்ற வாக்குறுதி மட்டும் வேண்டாம். உங்கள் கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுத்தால், அது தவறும் நாளில் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். "பதினைந்து நாள் கழித்து மறுபடி சொல்கிறேன்" என்று சொல்லலாம். அந்த நாளில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து நின்று, இல்லை என்று சொல்லுங்கள்.

செலவைக் குறைப்பதானால் முதலில் நீங்கள் எடுக்கும் பணத்திலிருந்து தொடங்குங்கள். ஷிப்ட் குறைந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறையட்டும். உறவுக்காரருக்கு மட்டும் ஓவர்டைம் கொடுத்தால் அன்று மதியமே செக்கிங் டேபிள்வரை தெரிந்துவிடும்.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாமல் போனால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். போகிறவர் அந்தப் பணத்துக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் நடையாய் நடந்தால், உள்ளே தைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்புறம், ஒடிசா, பீகார் பிள்ளைகள் லைனில் இருந்தால், நீங்கள் பேசும்போது இந்தியில் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு மட்டும் விஷயம் மறுபடியும் டீக்கடை வழியாகத்தான் போய்ச் சேரும்.