குழந்தைகள் நல மருத்துவர் ஆக என்ன படிக்க வேண்டும்? தனிப் படிப்பு எதற்கு?

பிறந்த குழந்தை முதல் பதின்வயதுப் பிள்ளை வரை பார்க்கிற டாக்டர்தான் குழந்தைகள் நல மருத்துவர். இந்தியாவில் வழி இதுதான்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், அப்புறம் நீட், பயிற்சி மருத்துவராக இருக்கும் ஒரு வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருட எம்பிபிஎஸ், அதன்பின் முதுநிலை நீட் எழுதிக் குழந்தைகள் மருத்துவத்தில் மூன்று வருட எம்டி.

சரி, தனிப் படிப்பு எதற்கு? குழந்தையின் உடம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது, எது இயல்பு என்பதே வயதுக்கு வயது மாறும். பிறந்த குழந்தைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140 இருந்தால் சாதாரணம், சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அப்படி இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நாற்றங்காலில் இருக்கும் நாற்றுக்கும் கதிர் பிடித்த பயிருக்கும் யாரும் ஒரே மாதிரி தண்ணீர் வைப்பதில்லை, அதுபோலத்தான். மருந்தும் எடை பார்த்துத்தான்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150.

என்னைக் கேட்டால், படிக்கும்போதே பழக வேண்டியது பொறுமை. எங்கே வலிக்கிறது என்று கைக்குழந்தை சொல்லாது, அம்மா சொல்வதை முழுசாகக் கேட்கணும், அம்மா மடியில் வைத்தே பார்க்கணும், அழ வைக்கும் காதுப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளணும்.

பலரும் பிளஸ் டூ முடித்ததுமே 'குழந்தைகள் மருத்துவம்' என்று தனியாகச் சேரலாம் என நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது, எம்பிபிஎஸ் எல்லோருக்கும் ஒன்றுதான், துறையைத் தேர்ந்தெடுப்பது அதற்கப்புறம்தான்.