மனு பார்க்கும் அறை

அன்புள்ள ஐயா,

என் தம்பி இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகத் தேர்வாகியிருக்கிறான். அடுத்த மாதம் பயிற்சி. போலீஸில் இடம் கிடைக்காதவன் போகிற வேலை என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். புதிய சிறைகள் திறந்தால் நெரிசல் குறைந்து இவன் வேலை எளிதாகுமா?

க., விழுப்புரம்

அன்புள்ள க.,

சொந்தக்காரர்களை விடுங்கள். கலெக்டர் ஆனாலும் ஏதாவது சொல்வார்கள்.

நெரிசல் தீராது. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் கிடக்கிறவனுக்கு இன்னொரு மதில் கட்டி என்ன ஆகப்போகிறது? சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் 1837இல் கட்டிய சிறையைக் காலிசெய்து 2006இல் புழலுக்குப் போனார்கள். சுவர் புதிது. அதட்டல் பழசுதான்.

உங்கள் கடிதத்தில் ‘கைதி’ என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? தம்பி, வேலை, சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். அவன் காலையிலும் மாலையிலும் தலை எண்ணப்போவது யாரை?

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வேலூரில் 1979 முதல் தென்மாநிலச் சிறை அதிகாரிகளுக்கென்று ஒரு பயிற்சிக் கழகம் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதிகாரி எப்போதாவதுதான் கொட்டடிப் பக்கம் வருவார். ராத்திரி வயிற்றுவலி என்று கம்பியைத் தட்டினால் எழுந்து வர வேண்டியவன் உங்கள் தம்பி. கவாத்து, துப்பாக்கி, பூட்டு எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். ‘டேய்’ போடாமல் ஒருவனிடம் பெயர் கேட்பதற்கு எத்தனை பாடவேளை என்று அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். அது ஒன்று வந்துவிட்டால் பாதி வேலை வந்த மாதிரி. அது வராதவனுக்கு எந்தச் சட்டப் புத்தகமும் உதவாது.

பல வருஷத்துக்கு முன் சிறையில் இருந்த ஓர் உறவினரை மனு பார்க்கப் போயிருந்தேன். கைதியைச் சந்திக்கப் போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் கத்துகிறார்கள். என் பக்கத்தில் ஒரு கிழவி. குரல் எழும்பவில்லை, வலையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். இடைவெளியில் நின்ற காவலர், சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, குனிந்து அவள் பக்கம் காதை வைத்துக் கேட்டான். அப்புறம் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்:

“அண்ணே, உங்க எருமை கன்னு போட்டுருச்சாம்! கிடாரியாம்!”