பெயரில்லாத மேடுகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுத முயன்றுவருகிறேன். ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் இரண்டை அமிலம் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து எழுத்துகளைப் படித்துவிட்டேன். மற்றபடி குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இல்லை. எல்லாம் பெயரில்லாத மண்மேடுகள்தான். இனி எந்த ஆவணங்களைத் தேடவேண்டும்? பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் போல இதையும் தொல்லியல் துறை பாதுகாக்க வாய்ப்புண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுத ஒருவர் முன்வருவது அபூர்வம். அந்த மகிழ்ச்சியோடுதான் கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் "மற்றபடி ஒன்றும் இல்லை" என்ற இடத்துக்கு வந்தபோது கோபம் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் அமிலம். இனி ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். பளிங்கும் சுண்ணக்காரையும் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைபவை. நீங்கள் படித்த எழுத்துகளை உங்களுக்குப் பின் வருபவர் படிக்க முடியாமற்போகலாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய் நின்றால் தேய்ந்த எழுத்தும் நிழல்கொண்டு எழுந்து நிற்கும். வெயில் படாத கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் வெளியான பட்டியலைப் பாருங்கள். உங்கள் நான்கு கற்களும் அதில் இருக்கக்கூடும். அதில் இருப்போர் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் என்பதையும் கவனியுங்கள். தொல்லியல் துறை பற்றிய கேள்விக்கு இப்போது அவசரமில்லை.

பழவேற்காட்டுக்கு நானும் போயிருக்கிறேன். நுழைவாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளையும், உள்ளே டச்சுக்காரர்களின் கற்களில் உள்ள நேர்த்தியான எழுத்துகளையும் வியந்து பார்த்தேன். 1613இல் அங்கே கோட்டை எழுப்பியவர்கள் தங்கள் இறந்தோரை மறக்காமல் எழுதிவைத்தார்கள். அதே நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்டு, அந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அங்கே நான் ஒரு கல்லையும் காணவில்லை. கல்லை மட்டும் படிப்பவர், கல் வைக்க வசதியிருந்தவர்களின் வரலாற்றைத்தான் எழுத முடியும். உங்கள் நான்கு கற்களும் உங்களை அந்த வழியில்தான் இழுத்துச்செல்கின்றன.

சில வாரங்களாகவே புறநானூற்றின் 256ஆம் பாடல் என் மனத்தைவிட்டு அகலவில்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு வெண்பல்லியைப் போல, கணவனோடு பல பாலைவழிகளைக் கடந்துவந்த ஒரு பெண், அவன் இறந்ததும், இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழி வனையும் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். அவள் பெயர் தெரியாது. பாடிய புலவரின் பெயரும் தெரியாது. ஆனாலும் அவள் யாரிடம் பேசினாள் என்பதைப் பாருங்கள். புதைக்கும் தொழிலைக் கையில் வைத்திருப்பவனிடம் பேசினாள். நீங்களோ ஓர் ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் அங்கே குழி வெட்டுபவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எனக்கு முன் பிறந்த அக்காள் ஒருத்தி பதினோரு மாதத்தில் இறந்துபோனாள். அவளுக்குக் கல் இல்லை. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, சுற்றுச்சுவர் ஓரமாக ஓரிடத்தில் அம்மா குனிந்து மெழுகுவத்தி ஏற்றுவார். நாங்கள் சற்றுத் தள்ளி நிற்போம். அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு நான் தனியே போனேன். புல் மண்டிக் கிடந்த சுவரோரத்தில் இடம் பிடிபடவில்லை. அங்கே குழி வெட்டிவந்த முதியவர் என்னிடம் பெயர் கேட்கவில்லை. "எந்த வருசம்? மழைக்காலமா, கோடையா?" என்று மட்டும் கேட்டார். மழைக்காலத்தில் பள்ளத்துப் பக்கம் வெட்டினால் குழியில் நீர் ஊறிவிடும் என்பதால் மேட்டுப்பக்கம் போவார்களாம். பெரிய குழிக்குப் போதாத இடம் சுவரோரத்தில் மீந்துகிடப்பதால் குழந்தைகளை அங்கே வரிசையாக வைப்பார்களாம். சொல்லிக்கொண்டே நடந்தவர் ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த கடப்பாரையை மெதுவாகத் தரையில் ஊன்றி, "இங்கேதான் தம்பி, இந்த வரிசை அந்த வருசத்துப் பிள்ளைக" என்றார். பிறகு கோயில் அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது நாள் இடைவெளியில் ஏழு குழந்தைகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே வயிற்றுப்போக்கு என்ற ஒரே சொல். அந்த முதியவர் 'வரிசை' என்று சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் தோட்டத்தில் அந்த ஆண்டைப் பற்றி ஒரு கல்லும் பேசாது. உங்கள் ஊரிலும் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தில் இறந்தவர்களும், 1918இன் இறுதி மாதங்களில் இன்ஃபுளுவென்சாவில் போனவர்களும் அந்த மேடுகளுக்கு அடியில்தான் இருப்பார்கள். பதிவேடு எஞ்சியிருந்தால் அந்த மாதங்களின் பக்கங்களைப் புரட்டுங்கள். கையெழுத்து அவசரமாகிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள். எந்த மூலை யாருக்கு ஒதுக்கப்பட்டது, யாரை யாருக்கு அருகில் வைக்க ஊர் மறுத்தது என்பதையும் கேளுங்கள். பதிவேடு அதைச் சொல்லாது. குழி வெட்டியவர்தான் சொல்வார். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே போய், அவரோடு தோட்டம் முழுவதையும் நடந்து, அவர் காட்டும் ஒவ்வொரு வரிசையையும் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2க்கு முன்பே போய்விடுங்கள். அன்று சுண்ணாம்பு வாளிகளோடு குடும்பங்கள் வந்துவிடும். சிறிய சிமெண்டுச் சிலுவைகளில் ஆணியால் கீறிய பெயர்களை, ஆண்டுதோறும் அன்போடு பூசும் அந்த வெள்ளையே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிவிடுகிறது. பூசுபவர்களைத் தடுக்காதீர்கள். வாளியை இறக்கிவைத்த பிறகு, யார் பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.