கோடைதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

கேள்வி: என்னிடம் உள்ள சிறிய பெட்ரோல் கார் 2006-ஆம் ஆண்டு மாடல். காலையில் புறப்படும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. அரை மணி நேரம் கழிந்ததும், அதிலும் சிக்னலில் நிற்கும்போது, வெறும் காற்றுதான் வருகிறது. சென்ற கோடையிலும் இந்தக் கோடையிலும் கேஸ் நிரப்பியாகிவிட்டது. மறுபடியும் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்புதான் என்றாலும், ஒரே ஆண்டில் தீர்ந்துபோனால் எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் நிரப்புவது வீண் செலவு. ஆனால் உங்கள் காரில் கேஸ் குறைந்திருக்கிறதா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. குறைந்திருந்தால் காலையிலும் குளிர் மந்தமாகத்தானே இருக்க வேண்டும்?

அடுத்த முறை குளிர் நின்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் ஏ.சி.யையும் அணைக்காமல் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் கவனியுங்கள். கம்ப்ரஸரின் புல்லி பெல்ட்டோடு எப்போதும் சுழலும். அதன் முன்னால் உள்ள வட்டத் தகடு, கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் பிடித்தால் மட்டுமே சுழலும்.

தகடு சுழன்றும் குளிர் இல்லையென்றால், கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும், முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ள பாகம்) ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரின் சூட்டைத் தணித்துவிடும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் கதியில்லை. அது நின்றிருந்தாலோ மெதுவாகச் சுற்றினாலோ ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன் கிரில் வழியாகக் கண்டென்சரின் மீது ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றியதும் குளிர் திரும்பினால், கோளாறு சூடு வெளியேறாததில்தான் இருக்கிறது. ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் படிந்த மண்ணும் பூச்சிகளும் இதற்குக் காரணமாகலாம். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தைக் குறைத்துக் கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் பாதையையே அடைத்துவிடும்.

தகடு நின்றிருந்தால், கிளட்சுக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் தகடு ஒட்டாவிட்டால், தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது என்று ஊகிக்கலாம். கிளட்சின் மின்காந்தக் காயில் சூடேற ஏற அதன் மின்தடை கூடிக் காந்த இழுப்புக் குறைவதால், காலையில் இழுத்துப் பிடித்த அதே தகட்டை நண்பகலில் பிடிக்க முடியாமல் போகிறது. இடைவெளி பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பல மாடல்களில் உள்ளே இருக்கும் வாஷர் ஒன்றைக் கழற்றினாலே இது சரியாகிவிடும். இதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மின்சாரமே வரவில்லையென்றால் ரிலேயோடு, கேஸின் அழுத்தத்தைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்சையும் பார்க்க வேண்டும். இங்கேதான் நீங்கள் இரண்டு முறை நிரப்பிய கேஸ் நினைவுக்கு வருகிறது. அளவுக்கு மீறி நிரப்பினாலும் வெயிலில், சிக்னலில் அழுத்தம் எகிறி, சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. உள்ளே சிறிது திரவம் இருந்தாலே, 30 டிகிரி வெப்பத்தில் உங்கள் காரின் ஏ.சி.யில் உள்ள ஆர்-134ஏ கேஸ் ஏறத்தாழ 95 பி.எஸ்.ஐ. காட்டும். பாதி இருந்தாலும் அதே எண், நிறைய இருந்தாலும் அதே எண். ஆகவே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு, குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி நிறுத்தி, கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பின், பானெட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் கிராம் கணக்கில் எடைபோட்டு நிரப்புவதே முறை.

கேள்வி: என் கார் 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பழைய ஆர்-12 கேஸ் கிடைப்பதில்லை. ஆர்-134ஏ நிரப்பலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்படியே நிரப்பக் கூடாது, மாற்றியமைத்துவிட்டு நிரப்பலாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையையொட்டி ஆர்-12 வழக்கொழிந்தது. அதோடு கம்ப்ரஸரில் பயன்படும் மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காது. ஆங்காங்கே தங்கி, கம்ப்ரஸரை எண்ணெய் இல்லாமல் காயப்போட்டுவிடும். குழாய்களைக் கழுவி, எஸ்டர் ஆயில் ஊற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகளையும் மாற்றி, பழைய எடையில் 80 முதல் 90 விழுக்காடு வரை நிரப்புவது வழக்கம். நெரிசலில் குளிர் சற்றுக் குறைவாகவே இருக்கும். மலிவாக இருக்கிறது என்று தீப்பற்றும் கேஸை நிரப்ப மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால், அங்கே லீக் ஆனால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

கேள்வி: ஏ.சி. ஓடும்போது முன் இருக்கையின் கால் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூலிங் காயிலில் சேரும் நீரை வெளியேற்றும் சிறு குழாய் அடைத்திருக்கும். வண்டியின் அடியிலிருந்து மெல்லக் காற்றடித்தால் திறந்துகொள்ளும். சொட்டுவது நிறத்தோடும் பிசுபிசுப்போடும் இருந்தால் அது ஏ.சி. தண்ணீர் அன்று, ஹீட்டரிலிருந்து கசியும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். கூலன்ட் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதற்கு முன் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.