ஜீனைப் படியெடுக்கும் நொதியைச் செல்லுக்குள் யார் பாகம் சேர்த்துப் பூட்டுகிறார்கள்?

"ஜீனைப் படியெடுக்கும் நொதியும் புரதம்தானே, அதைச் சேர்த்துப் பூட்டுவது யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகம் தாண்டிப்போகிற இடம் இது.

நம் செல்களில் புரதங்களுக்கான செய்தி ஆர்.என்.ஏ.வை எழுதும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2, மொத்தம் 12 புரதத் துண்டுகளின் கூட்டு. நான் ஆந்திர எல்லையில் நகரிக்காரன். இங்கே விசைத்தறியைப் பாகம் பாகமாகக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். செல் செய்வது நேர்மாறு: உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே பூட்டி முடித்துத்தான் உள்ளே அனுப்புகிறது.

மிகப் பெரிய துண்டான ஆர்.பி.பி 1 தனியாக இருந்தால் நிலைக்காது. கூட்டாளிகள் வந்து சேரும்வரை எச்.எஸ்.பி 90 என்ற துணைப்புரதம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈஸ்ட்டில் ஐ.டபிள்யூ.ஆர் 1 என்றொரு புரதம், ஆர்.பி.பி 1-க்கும் அடுத்த பெரிய துண்டுக்கும் நடுவே உருவாகும் பள்ளத்தில் போய் ஒட்டுகிறது. உட்கருவுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு அதனிடம்தான் இருக்கிறது. துண்டுகள் சேராவிட்டால் பள்ளமே இல்லை; அரைகுறை நொதிக்கு அந்தச் சீட்டு எப்படிக் கிடைக்கும்?

உள்ளே போனபின் கட்டுப்பாடு பெரும்பாலும் ஆர்.பி.பி 1-இன் வாலில். 7 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை மனிதரில் 52 முறை திரும்பத் திரும்ப வரும் வால் அது. அந்த வரிசையின் 5-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால் ஆர்.என்.ஏ எழுதுவது தொடங்குகிறது. 2-ஆம் இடத்துச் செரினில் ஏறுவது, எழுதிக்கொண்டே ஆர்.என்.ஏ.வை நீட்டும்போது. டி.என்.ஏ சேதத்தில் சிக்கி நகரவே முடியாத நொதிக்கு யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் முத்திரை குத்தி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் சிதைத்துவிடுகிறது செல்.