ஐப்பசில ஓலை காயாது

அண்ணே வணக்கம். போன மாசம் ராமேஸ்வரத்துல இருந்து திருச்செந்தூர் போற வழில சாயல்குடி பக்கம் ஒரு ஊர்ல பொம்பளைங்க பனை ஓலைல பெட்டி முடையுறத பாத்தேன், மனசு அங்கயே நின்னுருச்சு. ஐடி வேலைய விட்டுட்டு, செய்யுறவங்களுக்கு நியாயமான விலை குடுத்து வாங்குற ஃபேர் ட்ரேட் முறைல சின்னதா ஒரு பிசினஸ் தொடங்கி அவங்க வாழ்க்கைய மாத்தணும்னு ஆசை. தீபாவளி கிஃப்ட் பாக்ஸ்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கூடவே ராமேஸ்வரத்து சிப்பி, பவளப்பாறை பொருளும் சேத்துக்கலாமா? நல்ல தமிழ்ப் பேரு ஒண்ணு சொல்லுங்க.
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

தங்கச்சி,

பேரு அப்புறம் பாத்துக்கலாம்.

பவளப்பாறைய தொடவே தொடாதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் பட்டியல்லதான் பவளமும் இருக்கு, செத்து கரை ஒதுங்குன துண்டுன்னு சொல்லியெல்லாம் தப்பிக்க முடியாது. சிப்பி, சங்குலயும் தடை பண்ணுன இனம் இருக்கு. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேத்து 1986ல கடல் தேசியப் பூங்கா ஆக்குனது அந்தப் பாறைங்க பொழைக்கணும்னுதான். அங்க மீன் தங்குனாத்தான் எங்க ஆளுகளுக்கு வலைல ஏதாவது விழும். அதப் போயி ஷோகேஸ்ல வைக்கணுமா?

அடுத்து, "அவங்க வாழ்க்கைய மாத்தணும்"னு எழுதிருக்கீங்களே, அது எனக்குக் கோவமா வந்துச்சு. அவங்க நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து தொழில் பண்ணுறவங்க. நீங்க அவங்ககிட்ட சரக்கு வாங்கப் போறீங்க, அவ்வளவுதான், அத ஒழுங்கா வாங்குனாலே போதும்.

பயணத்துல வந்த ஆசைய நான் குறைச்சுப் பேசல. எட்னா ரூத் பைலர்னு ஒரு அமெரிக்க அம்மா 1946ல போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனப்ப அங்க பொம்பளைங்க போட்ட பூவேலைத் துணிய வாங்கிட்டு வந்து, கார் டிக்கில வச்சு தெரிஞ்சவங்களுக்கு வித்தாங்க. பின்னாடி டென் தவுசண்ட் வில்லேஜஸ்னு ஃபேர் ட்ரேட் கடைகளா வளந்தது அதுலருந்துதான். அதனால ஆசை நல்ல ஆசைதான். ஆனா தீபாவளின்னு எழுதிருக்கீங்க பாருங்க, அந்த எடத்துல எங்க பெரியம்மா ஞாபகம் வந்துருச்சு, அதுக்குத்தான் இந்தப் பதிலே எழுத உக்காந்தேன்.

ஐப்பசி கார்த்திகைதான் எங்க பக்கம் மழை. ஓலை காயாது. குருத்தோலைய வெட்டி, வெயில்ல போட்டு, ஈர்க்கு உரிச்சு, ஒரே அகலத்துல கிழிச்சு வச்சாத்தான் முடையவே முடியும். முடையும்போது தண்ணி தெளிச்சுக்கணும், இல்லேன்னா மடக்குற எடத்துல ஒடிஞ்சிரும், முடைஞ்ச பெறகு திரும்ப நல்லாக் காயணும், இல்லேன்னா பூஞ்சை. அப்ப தீபாவளிக்கு வேணுங்குற பெட்டிய சித்திரை வைகாசி வெயில்லயே முடைஞ்சு வச்சிரணும். சரி, வைகாசில இருந்து ஐப்பசி வரைக்கும் அந்தக் காசு எங்க இருக்கும்? யாரு கையில இருந்து போகும்? சொல்லுங்க.

பெரியம்மா கையில இருந்துதான் போச்சு. டவுன்ல இருந்து ஒரு யாவாரி வருவாரு, ஆடில பெட்டிய அள்ளிட்டுப் போயிருவாரு, வித்ததும் தாரேன்னு சொல்லுவாரு. ஒரு வருசம் தீபாவளி முடிஞ்சு வந்து நாப்பது பெட்டிய திண்ணைல இறக்குனாரு, பூஞ்சை புடிச்சிருச்சாம், எடுக்க மாட்டாராம். பூஞ்சை புடிச்சது அவரு குடோன்ல. பெரியம்மா ஒரு வார்த்தை பேசல. பழைய சேலைத் துணிய நனைச்சு ஒவ்வொண்ணா தொடைச்சாங்க, சிவப்புச் சாயம் எளகி துணில ஒட்டுச்சு, ஓலை கிழிச்ச விரல் நெகக்கண்ணுலயும் ஏறிருச்சு. அன்னைக்கு அவங்க காதுல தோடு இல்ல, ஈர்க்குதான் சொருகிருந்துச்சு. தோடு ஆவணிலயே அடகுக்குப் போயிருச்சு.

அந்த யாவாரி விலைய அடிச்சு வாங்குனவரு கிடையாது தங்கச்சி, கேட்ட விலைக்கு ஒத்துக்குவாரு. அப்புறமும் தோடு போச்சு. அதனாலதான் ஒரு பெட்டிக்கு எவ்வளவு குடுப்பீங்கங்குறதுக்கு முன்னாடி எப்பக் குடுப்பீங்கன்னு கேக்குறேன். உலக ஃபேர் ட்ரேட் அமைப்போட பத்துக் கொள்கைல இது இருக்கு, கைவினைப் பொருளுக்கு செய்யுறவங்க கேட்டா குறைஞ்சது 50 சதவீதம் வட்டியில்லாம முன்பணம் குடுக்கணும். அந்த "கேட்டா"வ புடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, எங்க ஊருப் பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. குழு லோனுக்கு வாரத் தவணை கட்டிக்கிட்டே சும்மா இருப்பாங்க. நீங்களாக் குடுங்க. மீதிய சரக்க எடுக்குற அன்னைக்கே குடுங்க, வித்த பெறகுன்னு சொல்லாதீங்க, விக்கலேன்னா அது உங்க பாடு, பூஞ்சை புடிச்சா உங்க பாடு. இதுக்குப் பணம் இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு வேலைய விடுங்க. இல்லேன்னா இன்னும் ஒரு வருசம் சம்பளத்த சேருங்க, தப்பில்ல.

லோகோ, இன்ஸ்டாகிராம் எல்லாம் என்னைவிட உங்களுக்கே நல்லாத் தெரியும்.

பங்குனில வாங்க. பெரியம்மா இப்ப இல்ல, அவங்க மருமக, எங்க மதினி, அதே திண்ணைல உக்காந்து முடையுறாங்க. ஒரு நாள் பூரா பக்கத்துல உக்காந்து பாருங்க, ஒரு பெட்டிக்கு எத்தன மணி நேரம் ஆகுதுன்னு நீங்களே குறிச்சுக்கங்க. மதியம் சாப்பாடு எங்க வீட்டுல, மீன் குழம்பு. பேரு மதினிகிட்டயே கேளுங்க, கொட்டான், கடகம், நார்ப்பெட்டின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு சொல்லுவாங்க, அதுல ஒண்ண எடுத்துக்கலாம்.